தலைவி இல்லாத கூட்டம்

சூரியநெல்லி, 20 ஜனவரி 1979, சனிக்கிழமை இரவு.

ஜெபிக்க முழந்தாளிட்டேன். எங்கள் சபைப் பெண் ஞானத்தின் முகமே முன்வந்து நிற்கிறது.

தோட்டத்து ஆலையின் விறகுக்காகச் சோலையை வெட்ட வந்தவர்களை, தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இன்று காலை மறித்தார்கள். மரம் போனால் ஓடை வற்றிவிடும் என்பது அவர்கள் வாதம். மரங்களைச் சுற்றிக் கைகோத்து நின்று ஆலயப் பாட்டுகளைப் பாடினார்கள். தோட்டத்து மேலாளரான துரை என்னை வரவழைத்து, “எந்த ஆம்பளை இவங்களை ஏவி விட்டான்?” என்று கேட்டார்.

உபதேசியாராகிய எனக்கு உள்ளூரப் பெருமிதம். “ஆம்பளை யாரும் இல்லைங்கய்யா. நம்ம ஞானந்தான் பாட்டு எடுத்துக் குடுத்தா” என்றேன். ஆராதனையில் முதலடியை எடுப்பவள் அவள்தான். அந்த வழக்கத்தில் வாயில் வந்த சொல்.

மாலைக்குள் அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் லயத்து வீட்டையும் காலிசெய்ய வேண்டுமாம்.

அவளே என்னிடம் வந்தாள். “துரைகிட்ட மன்னிப்புக் கேட்டுரு தாயி” என்றேன்.

“எதுக்குங்கய்யா? பாட்டு எடுத்ததுக்கா? அது நீங்க படிச்சுக் குடுத்ததுதானே” என்று சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “எங்கள்ல தலைவின்னு யாரும் இல்ல. துரைக்குத்தான் ஒருத்தி வேண்டியிருந்துச்சு. நீங்க குடுத்துட்டீங்க.”

தலையில்லாமல் உடலில்லை என்று முப்பது ஆண்டுகள் இம்மக்களுக்குப் போதித்தவன் நான். அவர்கள் இன்று தலையின்றியே நின்றார்கள். நான்தான் ஒரு தலையைத் தேடிக் காட்டிக் கொடுத்தேன்.

நாளை ஆராதனை. முதலடிக்காகச் சபை முழுவதும் அவள் பக்கம் திரும்பும். அவள் வாய் திறவாவிட்டால் நானே எடுக்க வேண்டும். சற்றுமுன் மெல்லப் பாடிப் பார்த்தேன்.

குரல் எழவில்லை.