முகாமில் இரண்டு இடம்

ஜனவரி 9

என் செல்லத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் போட்டால் நீ அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு "ம்", "சரி", "அப்புறம்" என்பதோடு நிறுத்திவிடுகிறாய். அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

நாம் ஜூடோ வகுப்புக்குப் போன காலத்தில் மீசை மாஸ்டர் ஒரு படம் காட்டுவாரே, வெளிநாட்டில் மலைமேல் ஒரு முகாம், வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்பார்களே, அது இன்னும் நடக்கிறதாம். நாற்பது தாண்டியவர்களுக்கென்றே ஜூன் மாதம் மூன்று வாரப் பயிற்சி. நமக்கு இரண்டு இடம் கேட்டு எழுதிப் போட்டுவிட்டேன். பஸ் டிப்போவில் முந்நூறு டிரைவர்களுக்கு டியூட்டி சார்ட் போடுகிறவளுக்கு நம் இரண்டு பேரின் பயணம் ஒரு பெரிய விஷயமா? நாள்வாரியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

உன் கறுப்பு பெல்ட் எங்கே கிடக்கிறதோ, எடுத்து உதறி வை. என் பழைய உடுப்பு தோளோடு நின்றுவிட்டது. புதிதாகத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். சிரிக்காதே.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று கூப்பிட்டுவிடுகிறது. கண்ணாடிக் கடையில் ஆள் இல்லை. லென்ஸ் தேய்க்கும் மெஷினில் நான் ஒருத்திதான். ஒரு நாளைக்கு நாற்பது ஜோடி. வீட்டுக்கு வந்து தட்டைப் பார்த்தாலும் ஓரம் சரியாக இருக்கிறதா என்றுதான் கண் போகிறது.

அந்தப் படம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. வர ஆசைதான். ஜூடோவை நான் விட்டுவிட்டதாக நினைக்காதே. அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது மாஸ்டர் சொல்லிக்கொடுத்த பிடிதான். காலை அகட்டி, முழங்காலை மடித்து, எதிராளியின் எடையை இடுப்புக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். என்ன, இங்கே எதிராளியைக் கீழே போடக்கூடாது. கடை பக்கத்துத் தெருதான், நடுநடுவே ஓடி வந்து ஒரு நாளைக்கு ஆறு தரம்.

அம்மாவுக்கு இடது கை அப்படியேதான் இருக்கிறது. பேச்சு கொஞ்சம் தெளிந்திருக்கிறது. "பெரியவ எழுதியிருக்காளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கா?" என்றாள். அன்பு சொல்லியிருக்கிறாய் என்று சொன்னேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தங்கச்சி

பிப்ரவரி 20

என் செல்லத்துக்கு,

இரண்டு இடமும் உறுதியாகிவிட்டது. உடல்தகுதிச் சான்றிதழ் ஒன்று வேண்டுமாம், டாக்டரிடம் வாங்கி வை. அத்தான் என்னைப் பார்த்து, "மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது, இவ மலைமேல போய் ஆளைத் தூக்கி எறியப் போறாளாம்" என்கிறார். திரும்பி வந்ததும் முதலில் எறியப்படப் போகிறவர் அவர்தான்.

அம்மாவைப் பற்றி யோசிக்காமல் இல்லை. மூன்று வாரத்துக்கு நர்ஸம்மா ஒருவரை வைத்துக்கொள்ளலாம். இங்கிருந்தே ஏற்பாடு செய்கிறேன். நீ வேறு எதற்கும் கவலைப்படாதே.

உன் அக்கா

மார்ச் 8

அக்காவுக்கு,

நீ அனுப்பிய நர்ஸம்மா வந்தார். நல்ல மனுஷி. பழகட்டும் என்று இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள், ஒரு கரண்டி கஞ்சி இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவர், "எனக்கே பாவமா இருக்கும்மா, வேற யாராவது வீட்டாளுங்க இல்லையா?" என்று கேட்டார்.

இருக்கிறாய் அல்லவா? பக்கவாதம் வந்த இந்த ஐந்து வருஷத்தில் நீ ஒரே ஒரு தரம்தான் வந்து தங்கினாய், அதுவும் இரண்டு நாள். அப்புறம் போன், பார்சல், இப்போது மலை. உன் பயணத் திட்டத்தில் ஓட்டத்துக்கு நேரம் இருக்கிறது, குளிக்க நேரம் இருக்கிறது. அம்மாவை யார் குளிப்பாட்டுவது என்று ஒரு கட்டம்கூட இல்லை.

கோபத்தில் எழுதவில்லை, அக்கா. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும்.

என் இடத்தை ரத்து செய்துவிடு.

தங்கச்சி

மார்ச் 19

தங்கச்சி,

நான்கு தரம் எழுதிக் கிழித்துப்போட்டேன். இதையாவது அனுப்பிவிடுகிறேன்.

நான் வந்திருந்தபோது, இரண்டாம் நாள் நீ கடைக்குப் போனதும் அம்மாவைக் குளிப்பாட்டப் போனேன். சோப்பு நுரையில் என் பிடி நழுவிவிட்டது. அம்மா தரையில் விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் என்னால் தூக்க முடியவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். "விடு, சின்னவ வரட்டும்" என்றாள். ஈரத்தோடு அவளும் நானும் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தோம். நீ வந்து ஒரே மூச்சில் தூக்கிவிட்டாய். துண்டை எடு என்றாய், எடுத்தேன். அன்று சாயங்காலம் பஸ் ஏறியவள்தான் நான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் வர வேண்டும் என்றுதான் நினைப்பேன். அந்தக் குளியலறை ஞாபகம் வரும். டிப்போவில் ஆள் இல்லை என்று உனக்குச் சொல்லிவிடுவேன். முகாம் யோசனையும் அப்படி வந்ததுதான். அம்மாவைத் தொடாமல் உனக்கு ஏதாவது செய்துவிட முடியுமா என்று பார்த்தேன்.

ரத்து செய்தது என் இடத்தை. ஜூனில் நீ போ. மே கடைசியில் நான் அங்கே வந்துவிடுகிறேன். நீ கிளம்பும்வரை பக்கத்தில் நின்று எனக்குச் சொல்லிக்கொடு. வேண்டாம் என்று எழுதாதே.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து ஐந்து நாள் ஆகிறது. நடந்ததைச் சொன்னால் நீ தலையில் அடித்துக்கொள்வாய்.

முதல் நாள் காலை விழும் பயிற்சி. எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு தபால்காரர், மெலிந்த மனிதர். மெதுவாகத்தான் போட்டார். முதுகு மெத்தையில் பட்டது. நான் எழுந்திருக்கவில்லை. மண்டையில் அடிபட்டுவிட்டது என்று எல்லோரும் ஓடி வந்திருக்கிறார்கள். நான் தூங்கிவிட்டிருந்தேன், அக்கா.

பயிற்சியாளர் ஒரு பெண், அவருக்கு நம் பேச்சு தெரியாது. கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டி, அறைக்கு அழைத்துப்போய்ப் போர்வையை இழுத்துவிட்டார். மூன்று நாள் தூங்கினேன். சாப்பாட்டுக்கு மட்டும் எழுப்பினார்கள். அந்தத் தபால்காரர் தினமும் கதவுக்கு வெளியே ஒரு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போகிறார். அவர் பயந்துபோயிருக்கிறார்.

நேற்றுதான் நன்றாக விழித்தேன். விழித்ததும் அழுதேன். அம்மா ஞாபகத்தில் என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு? திரும்பி வர வேண்டுமே என்றுதான் அழுதேன்.

இன்னும் இரண்டு வாரத்தில் வந்து பழையபடி ஆரம்பித்தால் நான் அம்மாவை வெறுத்துவிடுவேன். இப்போது வெறுக்கவில்லை. அதனால் கேட்கிறேன். வருஷத்தில் ஆறு மாதம் அம்மா உன் வீட்டில் இருக்கட்டும். முடியாது என்றால் முடியாது என்று எழுது. பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே.

தங்கச்சி

ஜூன் 15

என் செல்லத்துக்கு,

கடிதம் நேற்று வந்தது. அம்மாவுக்கு முழுதும் படித்துக்காட்டினேன், நீ அழுத இடம் உட்பட. செய்தது சரியா தப்பா தெரியவில்லை. "எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றாள். நீ கேட்டாயா என்றேன். "கேக்க பயமா இருந்துச்சு" என்றாள். சாயங்காலம்தான், "அங்க உன் வீட்டுல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

என் முதுகு பலகையாகிவிட்டது. நீ எழுதிக் கொடுத்தபடி செய்தும் இரண்டு தரம் கட்டில் விளிம்பில் மாட்டிக்கொண்டோம். அம்மா என்னைத் திட்டுகிறாள். நன்றாகவே திட்டுகிறாள். பேச்சு தெளிந்துவிட்டது என்று நீ எழுதியது உண்மைதான்.

இன்று காலை அத்தானுக்குப் போன் செய்தேன். சக்கர நாற்காலியின் அகலத்தைச் சொல்லி, எங்கள் படுக்கையறைக் கதவை அளந்து பார்க்கச் சொன்னேன். ஜன்னல் உள்ள அறை அது ஒன்றுதானே. அளந்துவிட்டு வந்து, "ரெண்டு அங்குலம் இடிக்குது" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. மறுபடியும் போய் அளந்துவிட்டு வந்தார். பிறகு, "நாளைக்குத் தச்சரை வரச் சொல்றேன். கதவு நிலையைப் பேத்தா சுவர் கொஞ்சம் உதிரும்" என்றார்.

உதிரட்டும் என்றேன்.

உன் அக்கா