அப்பாவின் இமை முடி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அம்மா நலம். நான் வழக்கம்போல வால். அப்பாவைப் பற்றித்தான் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

போன வாரம் அப்பா சாப்பிடும்போது இடப்பக்கம் நின்று நாக்கைத் துருத்தினேன். முன்பெல்லாம் திரும்பாமலே குட்டு விழும். இந்த முறை விழவில்லை. கன்னத்துக்குப் பக்கத்தில் கையை ஆட்டினேன். அவர் பாட்டுக்குத் தண்ணீர் குடித்தார். அக்கா, அவர் ஓட்டுவது பேருந்து!

அன்று மாலைதான் கண் ஆஸ்பத்திரியில் அவருக்கு வழக்கமான பரிசோதனை, நானும் கூடப் போனேன். டாக்டரம்மா குழம்பிப்போனார். கண் அழுத்த நோய்க்கு மாதக்கணக்கில் விடச் சொன்ன சொட்டு மருந்தால் கண்ணின் அழுத்தம் அழகாக இறங்கியிருக்கிறதாம். ஆனாலும் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறதாம். "தூக்கத்துல ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கி, கண் நரம்புக்கு ரத்தம் சரியாப் போகலையோ என்னவோ. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ராத்திரி பிரஷர் மாத்திரையைக் குறைச்சுப் பார்க்கலாம்" என்றார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் நர்ஸக்கா, "இந்த மருந்து விட்டா இமை முடி நீளமா வளருமே, சார் இன்னும் நடிகை ஆகலையா?" என்று கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. இத்தனை மாதமாகியும் அப்பாவின் இமை அப்படியேதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவை மடக்கினேன். மருந்து விட்டால் கண் சிவக்கிறதாம். டிப்போ வாசலில் காவலாளி, "என்னண்ணே, காலையிலேயேவா?" என்று வாயை ஊதச் சொல்கிறாராம். அந்த அவமானத்துக்குப் பயந்து, பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் விடுகிறார். அளவு அழகாக இருக்காமல் என்ன செய்யும்? கண்கண்ட மருந்து என்பார்கள். இந்த மருந்து கண்ணைக் காண்பதே எப்போதாவதுதான்.

"வெளிய சொல்லிடாதடி, வேலை போயிடும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். இதோ, உடைத்துவிட்டேன். டாக்டர் அவரை நம்பி மாத்திரையைக் குறைத்து, பிரஷர் எகிறினால்? பெரியப்பாவுக்குக் கையும் காலும் விழுந்தது அப்படித்தானே? போன பார்வையும் திரும்பி வராதாம்.

நேற்று அவர் பேருந்திலேயே ஏறி, அவர் பக்கத்தில் நின்றேன். இடப்பக்கம் சைக்கிளோ ஆளோ வரும்போதெல்லாம் அவர் திரும்பிப் பார்க்கட்டும் என்று சத்தமாகத் தும்மினேன். கண்டக்டர் பரிதாபப்பட்டுச் சளி மாத்திரை கொடுத்தார். தினமும் என்னால் தும்ம முடியாது, அக்கா.

நீ சொன்னால் அவர் கேட்பார். அவர் போனுக்கே கூப்பிடு. திட்டாதே. டாக்டரிடம் அவர் வாயாலேயே உண்மையைச் சொல்லச் சொல். கண் சிவக்காத மருந்து வேறு இருக்கலாம். அதுவரை ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம் என்றும் சொல். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அவர் சொல்லாவிட்டால் நானே டாக்டரிடம் சொல்லிவிடுவேன். அப்புறம் அவர் என்னோடு பேசவே மாட்டார். பேசாவிட்டால் பரவாயில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
தங்கை