எழுதாமல் விட்ட பக்கம்

1965 பிப்ரவரி 14, ஞாயிறு. ஆவூர்.

மாதாகோயிலில் பூசை முடிந்து என் பிறந்த வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என் கணவரிடம், "இந்தி வேணாம்னு ஊரெல்லாம் மொழிச் சண்டையில கொதிச்சுக் கெடக்கு. புதன்கிழமை பாண்டிச்சேரி சட்டசபையில பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்காகப் பேசாதீங்க மாப்பிள்ளை, அடிப்பாங்க" என்றார்.

"பிரெஞ்சுக்காரன் காலத்துச் சபையிலேருந்து பதினெட்டு வருசமாப் பேசுறேன் மச்சான். பிரெஞ்சு மட்டுமே படிச்ச பிள்ளைங்களுக்கு வேற யாரு இருக்கா?" என்று இவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவருக்குக் கை நடுங்குவதால் பேச்சை நான்தான் படியெடுத்துக் கொடுப்பேன். இன்று பள்ளிக்கூடத்தைப் பற்றிய கடைசிப் பக்கத்தை எழுதாமலே விட்டுவிட்டேன்.

"எல்லாம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேங்க."

வாங்கிப் பார்க்காமலே பையில் வைத்துக்கொண்டார். என்னை அவ்வளவு நம்புகிறார். புதன்கிழமை சபையில் நின்றுகொண்டு அந்தப் பக்கத்தைத் தேடுவார். பிறகு வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்ப்பார்.