கன்னியப்பனுக்கு வண்டி ஓட்டத் தெரியும்

என் ஆசை மச்சான் கன்னியப்பனுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாற்பத்தி நாலு வயசில் உன் வண்டியை ஓட்டிப் பழகுகிறேன் பேர்வழி என்று, உன் அக்காளின் பழைய பாவாடை ரெண்டைக் கிழித்து ரெண்டு முட்டியிலும் சுற்றிக்கொண்டேன். ஒன்று பச்சை, ஒன்று ரோஸ். வெளியே தெரியாமல் மேலே வேட்டி. தண்ணீர் வற்றின ஏரிக்குள் முதல் தடவை விழுந்தபோது வேட்டி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். "யோவ் ஏகாம்பரம், உன் கலருக்கு ரோஸ்தான்யா எடுப்பா கீது!" என்று ஒருத்தி கத்தினாள். இன்னும் சந்தையில் பார்த்தால் என் முட்டியைத்தான் பார்க்கிறாள்.

நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். நீ இல்லாததால்தான் இந்தக் கூத்தே.

நீ போய் இன்றைக்கு ஒரு வருஷம். இந்தக் கடிதத்தை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நம்ம மெக்கானிக் பாஷா கடைச் சுவரில் ஒட்டப்போகிறேன். எழுதுவது உனக்கு. ஆனால் அங்கே டீ குடிக்கிற அத்தனை பேரும் படிக்கணும். படிக்கத் தெரியாதவனுக்கு பாஷா சத்தமாகப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். நான் அஞ்சாங்கிளாஸ். எழுத்து கோணலாக இருக்கும். நீ சிரிக்காதே, நீ ஆறாங்கிளாஸ் ஃபெயில்.

நம்ம ஊர்ப் பழக்கத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரன் எவனாவது படித்தால் அவனுக்காகச் சொல்கிறேன். தை மாசம் கொள்ளு பிடுங்கினால் அதைக் களத்துக்குத் தூக்கிப் போய் அடிக்க எங்களுக்குப் பொறுமை கிடையாது. செடியோடு தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் மிதித்துக்கொண்டு போகும். மேலே சக்கை கிடக்கும், அடியில் கொள்ளு உருளும். பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ரெண்டு சக்கரத்தில் வருகிறவனுக்கு ரோடெல்லாம் கோலிக்குண்டு.

அன்றைக்குக் காலையில் டீக்கடையில் நான்தான் உன்னைச் சீண்டினேன். உன் கறுப்பு மோட்டார் சைக்கிளுக்கு எருமை என்று பேர் வைத்ததும் நான்தானே.

"ஏன்டா மச்சான், எருமைய சும்மா தண்டத்துக்கு மேச்சிக்கினு கீறயே. வந்து என் கொள்ளயாச்சும் மிதிச்சிக் குடேன்."

"மிதிக்கிறேன் மாமா. பத்து ரவுண்டு மிதிக்கிறேன். அக்காவ கொள்ளு ரசம் வெக்கச் சொல்லு."

இவ்வளவுதான் பேச்சு. பெருநகர் ஊருக்குப் போகிற ரோட்டில் என் கழனி ஓரம் பரப்பியிருந்தேன். பத்து மணி வெயிலில் நீ வந்தாய். பெல்பாட்டம், கறுப்புக் கண்ணாடி, பெரிய மைனர் கணக்காக. பின் சக்கரம் வழுக்கியது. வண்டி விழுந்தது. மைல் கல்லில் உன் தலை மோதியபோது கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. ஓடி வந்து மடியில் போட்டுக்கொண்டேன். உன் பெல்பாட்டம் பின் சக்கரத்தில் சிக்கிக்கொண்டு, எஞ்சின் நிற்காமல், உன் காலை உதறி உதறிக் கிழித்துக்கொண்டிருந்தது. கல்லால் அடித்துத்தான் எஞ்சினை நிறுத்தினேன். அதற்குள் நீ போய்விட்டாய். சுற்றிலும் கிடந்த கொள்ளெல்லாம் சிவப்பு.

போலீஸ்காரர் கேட்டார், இன்னா ஆச்சி என்று. "வழுக்கிடிச்சி சார். ஓட்டத் தெரியல அவனுக்கு" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் இருந்து வந்தது. அதை மறந்துவிடாதே, பின்னால் வரும்.

உங்க அப்பா சாயங்காலம் வந்தார். என் களத்தில் கிடந்த தடியை எடுத்தே என்னை அடித்தார். அறுபது வயசுக் கிழவர் என்று யாரும் நம்பமாட்டார்கள், மச்சான். முதல் அடியில் தோள்பட்டை எலும்பு போனது. "ரோட்ல போட்டியே, ரோட்ல போட்டியே" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். தடி முறிந்தபோது, அய்யோ முறிந்துவிட்டதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

உன் அக்கா சரோஜா அடிக்கவில்லை. மாவுக்கட்டோடு படுத்திருந்தவனிடம் வந்து உட்கார்ந்தாள்.

"எம்மூஞ்ச பாத்து சொல்லு. என் தம்பி ஓட்டத் தெரியாதவனா?"

நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

"நீ இன்னாவோ முழுங்கிக்கினு கீற. அத துப்பற அன்னிக்கி வரேன்" என்றாள். துணிமணியைச் சுருட்டிக்கொண்டு திருப்புலிவனத்தில் உங்க அப்பா வூட்டுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து என் சமையல்தான் எனக்கு. நம்ம நாய் ரெண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, எதிர் வூட்டுக்குக் குடி போய்விட்டது.

சித்திரையில் ஒரு நாள் பாஷா கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். லாரி கிளீனர் ஒருத்தன் உன் நசுங்கின வண்டியைப் பார்த்துவிட்டு, "ஓட்டத் தெரியாதவன் ஏறுனா எருமைல எமன்தான் பின்னால குந்துவான்" என்று சொல்லிச் சிரித்தான். சுடச்சுட டீயை கிளாசோடு அவன் முகத்தில் அடித்தேன். கீழே தள்ளி மூக்கிலேயே குத்தினேன். ரத்தம் என் சட்டையெல்லாம் தெறித்தது. நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள்.

பாஷா என் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்துக்கொண்டு போனான். "அவன ஏன்யா அடிக்கற? உன் வார்த்தையத்தான அவன் சொல்றான்? போலீசாண்ட நீ சொன்னதுதான ஊரெல்லாம் சுத்துது?"

துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கே கேட்டேன், "பாஷா, கொள்ளு மேல வழுக்குனா, அத நிமித்த முடியுமா முடியாதா?"

"ஓட்டிப் பாத்தாதான் தெரியும்."

முடியாது என்றால் உன் மேல் குத்தம் இல்லை. முடியும் என்றால்? அந்தப் பக்கம் யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வளைந்த முன் ஃபோர்க்கை பாஷா பத்து நாள் திட்டிக்கொண்டே நிமிர்த்தினான். வைகாசியில் ஏரித் தண்ணீர் உள்வாங்கியதும் வண்டியை உள்ளே இறக்கினோம். காய்ந்தும் காயாத களிமண் எப்படி இருக்கும் தெரியுமா? மேலே அப்பளம், அடியில் வெண்ணெய்.

முதல் தடவை வழுக்கியதும் கை பிரேக்கைப் பிடித்தேன். முன் சக்கரம் காலுக்கடியில் இருந்து ஓடிவிட்டது. பாவாடைக் கதை அன்றைக்கு நடந்ததுதான். அடுத்த நாள் சைலன்சர் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டு தோலோடு வந்தது. ஒரு நாள் கால் பிரேக்கை அழுத்தி மிதித்தேன், பின் சக்கரம் நின்றுபோய் வண்டி குறுக்காக இழுத்துக்கொண்டு போனது. பயந்துபோய் சட்டென்று காலை எடுத்தேன். எருமை ஒரு துள்ளுத் துள்ளி என்னைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தது. முன்பல் ரெண்டு ஏரிக்குள் கிடக்கிறது. கெண்டை மீன் தின்றிருக்கும்.

வாயில் ரத்தத்தோடு கிடந்த என் தலைமாட்டில் பாஷா பீடி பற்ற வைத்தான். "குறுக்கால போறப்ப மிதிச்ச கால பாதில எடுக்காதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? பாதில நீ வுட்டா, அது உன்ன வுடாது."

"நீ சொல்லித் தரியா, கொல்றியா?"

"ரெண்டும்தான். ஹேண்டில அப்பிடி தொங்கிக்கினு புடிக்காத. பொண்டாட்டி கைய புடிக்கிறாப்ல பதமா புடி."

"பொண்டாட்டி கைய புடிச்சி நாலு மாசம் ஆவுதுடா."

"தெரியுது. அதான் ஆட்டுக்கெடா கொம்ப புடிக்கிறாப்ல புடிக்கிற."

ஐப்பசி மழையில் ஏரிக்கரைச் சேற்றிலும் விழுந்தேன். கார்த்திகையில் ஒரு நாள் விழவில்லை. பின் சக்கரம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே முன் சக்கரத்தைத் துளி திருப்பணும். ஆக்சிலேட்டரை வெடுக்கென்று விடக்கூடாது. முட்டியால் டேங்கை அணைத்துக்கொண்டு, போகவேண்டிய இடத்தையே பார்க்கணும். விழப்போகிற இடத்தைப் பார்த்தால் உடம்பும் அங்கேதான் போகும். முக்கியமாக, பிரேக்கைத் தொடவே கூடாது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் ஆகணும். இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்குத்தான் பல் போய்த் தெரிந்தது.

போன வாரம் நம்ம கோவிந்தன் அதே மைல் கல்லண்டை அவன் கொள்ளைப் பரப்பியிருந்தான். நான் எருமையோடு போய் நின்றேன்.

"கோவிந்தா, தள்ளி நில்லு. ஒரு ரவுண்டு மிதிக்கிறேன்."

"யோவ், உனுக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா? இதே எடத்துலயா?"

"இதே எடத்துலதான். நீ இன்னா ஆனாலும் வாயத் தொறக்காத."

நீ வந்த வேகத்திலேயே ஏறினேன். பின் சக்கரம் இடப்பக்கம் ஓடியது. என் கை தானாகத் தளர்ந்தது, ஹேண்டில் தானாகத் திரும்பியது. ரெண்டு ஆட்டு ஆட்டிவிட்டு எருமை நிமிர்ந்துகொண்டது. மைல் கல் என் முழங்காலை உரசாமல் போனது. வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். முடிகிறது, மச்சான். எட்டு மாசம் விழுந்து எழுந்த எனக்கே முடிகிறது. எட்டு வருஷம் ஓட்டின உனக்கு முடியாதா?

முடிந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். இப்போது எல்லாரும் படியுங்கள்.

அன்றைக்குப் பின் சக்கரம் ஓடியபோது கன்னியப்பன் சிரித்துக்கொண்டிருந்தான். பிரேக்கைத் தொடவில்லை. ஹேண்டிலைத் துளி திருப்பியிருந்தான். வண்டி நிமிர்ந்துகொண்டு வந்தது. நான்தான் பயந்துபோய் கையில் இருந்த முறத்தோடு நடு ரோட்டில் குதித்தேன். "பிரேக்க புடிடா! கை பிரேக்க புடிடா!" என்று கத்தினேன். மாமன் குறுக்கே வந்து நின்றால் மச்சான் என்ன செய்வான்? பிடித்தான். என் மேல் ஏற்றாமல் இருக்கப் பிடித்தான்.

எப்படியும் விழத்தான் போகிறான், என் கத்தலால் ஒன்றும் இல்லை என்று ஒரு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நிஜமா என்று பார்க்கத்தான் எருமையில் ஏறினேன். அது நிஜம் இல்லை.

வாயைக் கழுவிக்கொண்டு நேராகத் திருப்புலிவனம் போனேன். வாசலில் நின்றபடியே உங்க அப்பாவையும் அக்காவையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். உன் அக்கா கையில் பித்தளைச் செம்பு இருந்தது. அதாலேயே என் வாயில் அடித்தாள். மூன்றாவது பல். மறுபடி அடித்தாள், உதடு கிழிந்தது. உங்க அப்பா தடி எடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அடித்திருந்தால் தேவலாம்.

"அப்ப அவனுக்கு ஓட்டத் தெரியும்" என்றாள் சரோஜா. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"தெரியும். என்னவிட, பாஷாவவிட."

"அத ஊருக்கு சொல்லு."

"சொல்றேன்."

"சொல்லாம வுட்டா அடுத்த பல்லு."

உள்ளே போய்த் துணி மூட்டையோடு வந்தாள். எருமையின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வூட்டுக்கா என்று கேட்டேன். "மொதல்ல அந்தக் கொள்ளு மேல போ. நான் பாக்கணும்" என்றாள்.

போனேன். வழுக்கியது. அவள் கத்தவில்லை. முறிந்து ஒட்டின என் தோள்பட்டையில் அவள் நகம் அஞ்சும் இறங்கியது. நிமிர்ந்து வெளியே வந்த பிறகு பின்னால் இருந்து கேட்டாள், "இப்பிடித்தான் சிரிச்சானா?"

"நான் எங்க சிரிச்சேன்?"

"உன்ன யார் கேட்டாங்க? அவன்."

"ஆமா. பல்லு தெரிய சிரிச்சான்."

அப்புறம் என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வூடு வரைக்கும் ஈரம் பட்டுக்கொண்டே வந்தது. நீ எங்கிருந்தாவது பார்த்தாயா?

மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன். இனி என் கொள்ளு ஒரு மணிகூட தார் ரோட்டைப் பார்க்காது. அடுத்தவன் பரப்பினால், ரெண்டு சக்கரம் வரும்போது ஓரமாக நின்று கையைக் காட்டுவேன், வாயைத் திறக்கமாட்டேன். உன்னை ஓட்டத் தெரியாதவன் என்று எவனாவது சொன்னால் மூக்கில் குத்தமாட்டேன். இந்தச் சுவருக்கு இழுத்து வந்து படிக்க வைப்பேன்.

இன்று காலையில் மைல் கல்லண்டை உனக்குப் படையல் போட்டோம். நீ கேட்ட கொள்ளு ரசம் வைத்திருந்தாள் உன் அக்கா. இடத்தைக் குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு இலை போட்டாள். எருமையைப் பக்கத்திலேயே ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். மண் ஈரமாக இருந்ததை நான் பார்க்கவில்லை. கற்பூரம் காட்டும்போது ஸ்டாண்டு உள்ளே இறங்கி, எருமை மெதுவாகப் படையல் மேல் படுத்துக்கொண்டது. யாரும் கத்தவில்லை. ரசம் முழுக்க எஞ்சின் மேல் போனது. வடை ஏழு வைத்ததில் ரெண்டு தேறியது.

உன் அக்காளைக் கட்டின மாமன்,
ஏகாம்பரம்