போல்ட்டில் ஒரு இலக்கம், குழலில் ஒரு இலக்கம்

என் உடன்பிறந்த ஹனீபா நானாவுக்கு, நீங்கள் அடங்கியிருக்கும் கபுறுக்கு என் ஸலாம்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்களுக்காக துஆ கேட்கக் கையேந்தினாலும் வாயில் ஏச்சுத்தான் வருகிறது.

நேற்று சலீம் நானா வந்தார். நம் ஊர் கனமூலையில் உங்களோடு ஊர்காவலுக்கு நின்ற அதே சலீம் நானாதான். மடிப்பில் கிழிந்த ஒரு பற்றுச்சீட்டை மேசையில் வைத்துவிட்டு அழுதார். யுத்தம் முடிந்து, காவலுக்குத் தந்திருந்த துவக்குகளைப் பொலிஸ் திருப்பிக் கேட்டபோது, தன்னுடையதைக் கொடுத்து வாங்கிய சீட்டாம்.

வெள்ளைக்காரன் காலத்துத் துவக்குகள் அவை, கிரீடம் குத்திய பழசுகள். ஒரே இலக்கத்தைக் குழலின் அடியிலும், தோட்டாவைத் தள்ளும் போல்ட்டிலும் குத்தியிருப்பார்கள். சலீம் நானாவின் துவக்கை வாங்கியவர் இரண்டையும் பார்த்திருக்கிறார். குழலில் சலீம் நானாவுக்குத் தந்த இலக்கம், போல்ட்டில் வேறொன்று. அதையும் சீட்டில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். அது உங்கள் இலக்கம் நானா!

உங்கள் துவக்கை வாங்கிய பொலிஸ் ஐயா போல்ட்டில் இருந்த வேறு இலக்கத்தை மட்டும் பார்த்தார். இது உனக்குத் தந்த துவக்கு இல்லை, அதை யாருக்கு விற்றாய் என்று நாலு நாள் வைத்து விசாரித்தார். நாலு விரல் தள்ளிக் குழலைப் பார்க்க அவருக்கு என்ன நோவு?

எல்லாம் ஜும்ஆவில் வந்த வினை. தொழும் நேரத்தில் வெளியே சாத்திய துவக்கை யாரும் எடுத்துச் சுட்டுவிடக் கூடாதென்று, போல்ட்டுகளைக் கழற்றி ஒரே பன்புல் பையில் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்வீர்கள். தொழுது முடிந்ததும் அவசரத்தில் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு ஓடுவீர்கள். ஊரைக் காக்கச் செய்த காரியத்துக்குக் கிடைத்த பெயர், துவக்கு விற்ற கள்ளன்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அண்டைக்கே தெரியும் தங்கச்சி. சொன்னா என்னையும் புடிப்பாங்களெண்டு பயந்திட்டன். மன்னிச்சிரு."

"மன்னிக்க நான் ஆரு? மன்னிக்க வேண்டியவரு மௌத்தாகிட்டாரு."

இன்று காலையே சீட்டோடு புத்தளத்துக்கு பஸ் ஏறினேன். பொலிஸ் கந்தோரில் இருந்தவர் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆள்தான் இல்லையே, இனி எதுக்கு?" என்றார். "மௌத்தானவருக்கு மானம் இல்லையா?" என்று நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை சலீம் நானாவையும் கூட்டி வரச் சொன்னார்.

உங்கள் மேலும் கோபம்தான். அல்லாஹ்வுக்குத் தெரியும் என்று சொல்லிச் சொல்லியே இருந்துவிட்டீர்கள். ஊருக்குத் தெரிய வேண்டாமா? தேத்தண்ணிக் கடையில் நீங்கள் நுழைந்ததும் கதை நின்றுபோகுமே, அதை எத்தனை வருசம் தாங்கினீர்கள்?

எல்லோரையும் ஏசியாயிற்று. இன்னும் ஒருத்தி மிச்சம். விசாரணை முடிந்து நீங்கள் வந்த அன்று, சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டு நான்தானே கேட்டேன், "உண்மையச் சொல்லுங்க நானா, வித்தீங்களா?" என்று. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனீர்கள். அதற்குப் பிறகு மௌத்தாகும் வரை என் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை சலீம் நானாவை இழுத்துக்கொண்டாவது போவேன். நீங்கள் விற்கவில்லை என்று எழுதித் தரும் வரை அந்தக் கந்தோரை விட்டு அசையமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களை நம்பாமல் போன கூடப்பிறந்த தங்கச்சி,
ஸரீனா