பீரோ காட்சியில் என்ன நடந்தது?

அன்புள்ள தங்கை ஷீபாவுக்கு,

நீயும் அப்பாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நான் நலம். எங்கள் கம்பெனியை மூடிவிட்டார்கள், பாஸ்போர்ட்டும் அவர்களிடமே இருக்கிறது. பயப்படாதே, நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப்பில் சாப்பாடு வருகிறது.

சும்மா இருப்பதால், காஞ்சிபுரத்தில் மேடையில் பார்த்தபோது நீ போனில் ஒலிப்பதிவு செய்த, தாம்பரத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றிய நாடகத்தையே தினமும் கேட்கிறேன். மாமியாருக்குப் பயந்து மாப்பிள்ளை பீரோவுக்குள் ஒளிகிறான். "அய்ய, மாட்டிக்கினான் பாரு" என்று நீ சொல்வதும் பதிவில் கேட்கிறது. பிறகு மேடையில் பேச்சே இல்லை, ஆனால் எல்லோரும் சிரிக்கிறீர்கள். உன் சிரிப்புதான் அதிகம். அங்கே என்ன நடந்தது? போனில் கேட்டால், "மறந்துபோச்சு" என்கிறாய். நினைவில்லாவிட்டால் நீயாக ஏதாவது எழுதி அனுப்பு.

வேறு கம்பெனியிலிருக்கும் மானாம்பதி பீட்டர் அண்ணன் ஊருக்கு வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரை ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டது. நான் வரும் தேதியை அப்பா கேட்டால், அதுவும் மறந்துபோச்சு என்று சொல்லிவிடு.

வசந்த்குமார்