பூனைக்கு வந்த மஞ்சள் குங்குமம்

செம்பவாங்,
10-3-1958

அன்புள்ள மரகதத்துக்கு,

என் சமையலையே தின்றும் நான் நலமாக இருக்கிறேன். உன் இருமல் நின்றதா? செல்வி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

நான் வளர்க்கும் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. அதனால் நேற்று ஒரு கூத்து. அடுத்த வீட்டுத் தனபாக்கியம் அக்கா, தட்டில் வெற்றிலை, மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லிகையோடு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, வீட்டுக்காரம்மா எங்க? ஊர்லேருந்து வந்ததைச் சொல்லவே இல்லையே!"

"யாரு சொன்னா அக்கா?"

"யாரு சொல்லணும்? பலகைச் சுவருதானே! ரெண்டு நாளா 'சாப்பிட்டுப் படு தாயி, பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்'னு கெஞ்சறீங்களே!"

நான் பூனையைத் தூக்கிக் காட்டினேன். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போகும்போது மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "நிஜமா எப்ப வருவாங்க, தம்பி?"

வாய்க்கு வந்தபடி "வைகாசியில" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று கடிதமாக "வருகிறாயா?" என்று கேட்கிறேன். நீ மாவடு போட்டதை எழுதுகிறாய். கப்பல் ஏறப் பயம் என்றால் அதையாவது எழுது. மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்து வைத்தேன், இன்று வாடிக் கிடக்கிறது.

செல்வியின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. இங்கே வந்தால் போட்டுக்கொள்ளச் செருப்பு வாங்கி வைக்கலாம் என்றிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அவளுடைய மூன்று வயதுக் கால்தான்.

கப்பல் பட்டறையில் சங்கு ஊதிவிட்டது. ஓடுகிறேன்.

உன்,
தங்கவேலு